பொருந்திவிட்டால் உண்மையாகுமா?

சங்கக் கூட்டம் முடிந்து காப்பி வந்து சேர்வதற்குள் கழியும் அரைமணி நேரத்தில்தான் நம்மவர்களுடைய உண்மையான கூட்டம் நடைபெறுகிறது என்பதை அன்பர்கள் அறிவார்கள். அரிசி விலை, ஊருக்குப் போகும் ரயிலில் இடம் கிடைக்காத வருத்தம், பிள்ளைகளின் படிப்பு, பெண்ணுக்கு வரன் ஆகிய யாவும் அந்த அரைமணி நேரத்தில் விவாதிக்கப்பட்டு, முடிவு காணாமலே அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கப்படும். சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் வழக்கத்துக்கு மாறாக ஓர் அமைதி நிலவியது. எட்டிப் பார்த்தோம். இளைஞரும் முதியவருமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் தத்தம் கைப்பேசியில் கண்களைப் பதித்து, பரீட்சை எழுதுபவர்களைப் போல் அமர்ந்திருந்தனர்.

அது பரீட்சையேதான். ஆனால் கணக்கிலோ சரித்திரத்திலோ அன்று; தம்மைப் பற்றித் தாமே எழுதும் பரீட்சை. "அறியாதவர் கூடிய இடத்தில் நீராகவே பேச்சைத் தொடங்குவீரா?", "முடிவெடுக்கும்போது அறிவு சொல்வதைக் கேட்பீரா, மனம் சொல்வதைக் கேட்பீரா?" என்பன போன்ற கேள்விகள் ஐம்பது அறுபது இருந்தன. ஒவ்வொன்றுக்கும் விடையை விரலால் தொட்டுக்கொண்டே சென்றால், இறுதியில் நான்கு ஆங்கில எழுத்துகள் தோன்றும். அந்நான்கெழுத்தே நமது குணம்! அதன் கீழே இரண்டு பக்கத்துக்கு விளக்கம்.

நாமும் எழுதினோம். நமக்கு வந்தது 'ஐ.எஸ்.டி.ஜே.' ஒழுங்கு தவறாதவர், சொன்ன சொல்லைக் காப்பவர், கணக்கில் கண்ணானவர் என்று விளக்கம் கூறியது. படிக்கப் படிக்க மனம் குளிர்ந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டினோம். "கணக்கில் கண்ணானவரா? போன மாதம் மின்சாரக் கட்டணத்தை இரண்டு தடவை கட்டியது யாராம்?" என்று கேட்டுவிட்டு அவர் அடுப்படிக்குச் சென்றுவிட்டார்.

அன்று சங்கத்தில் இருந்த யாவரும் தத்தமக்கு வந்த விளக்கத்தை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டி, எவ்வளவு பொருத்தம் என்று மதிப்பிட்டனர். ஒருவர் பத்துக்கு ஒன்பது என்றார். இன்னொருவர் எட்டு என்றார். முதியவர் ஒருவர், "எனக்கு முக்காலே மூணு வீசம் சரி" என்றார். இவ்வளவும் பொழுதுபோக்காக முடிந்திருந்தால் இம்மாதம் இதைப் பற்றி எழுத வேண்டிய அவசியம் நேர்ந்திராது.

அடுத்த வாரம் அண்ணாச்சி ஒருவர் நம்மைத் தேடி வந்தார். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மண்டியில் கணக்கெழுதுபவர், தென்காசிப் பக்கத்துக்காரர். மூத்த மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்களுடன் தேறியிருந்தாள். மேல்நிலைப் படிப்பில் மொழியும் சரித்திரமும் உள்ள பிரிவை எடுத்துப் படித்து, பின்னர் ஆசிரியை ஆவதே அவளது விருப்பம். அதற்குள் ஓரிடத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு, 'உங்கள் பிள்ளைக்கு ஏற்ற தொழில் எது' என்று ஒரு குணச் சோதனை நடத்தியிருந்தார்கள். வழுவழுப்பான தாளில் வண்ணப் படங்களுடன் அறிக்கை வந்திருந்தது. பெண் அகமுகமானவள், கூட்டத்தில் பேசக் கூசுபவள், தனியே அமர்ந்து எண்களோடு செய்யும் தொழிலே ஏற்றது, ஆசிரியப் பணியும் வழக்கறிஞர் பணியும் ஏற்றவையல்ல என்பது அதன் சாரம்.

"தம்பி, வகுப்பில் இவள் வாயே திறப்பதில்லை என்று டீச்சரும் சொன்னார்கள். அறிக்கையில் அப்படியே எழுதியிருக்கிறது. எவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டான், பார்த்தீர்களா? விண்ணப்பத்தில் வணிகப் பிரிவையே முதலாவதாகப் போட்டுவிடலாமா?" என்று அவர் கேட்டார். அருகில் நின்ற பெண் ஒன்றும் பேசவில்லை. பேசாதிருந்ததும் அறிக்கைக்கு இன்னொரு சாட்சியாகப் போயிற்று.

அவசரப்படாதீர்கள், இரண்டு வாரம் பொறுங்கள் என்று சொல்லி அனுப்பினோம். அதன் பிறகு இந்தச் சோதனைகளைப் பற்றிக் கிடைத்த நூல்களைத் தேடிப் படித்தோம். தெரிந்துகொண்டவற்றை அன்பர்களுக்கும் சொல்லுகிறோம்.

மனிதரை வகை பிரிக்கும் ஆசை புதியதன்று. வாதம், பித்தம், கபம் என்று நம் வைத்தியர் உடலைப் பிரித்தனர். சாத்துவிகம், இராசதம், தாமதம் என்று குணத்தைப் பிரித்தனர். உடலில் ஓடும் நான்கு நீர்களைக் கொண்டு கிரேக்கர் மனிதரை நான்காக வகுத்தனர். இன்று கைப்பேசியில் உலவும் நான்கெழுத்துச் சோதனைக்கு மூலம், சுவிட்சர்லாந்து தேசத்து மனநூல் அறிஞர் கார்ல் யுங் 1921-இல் வெளியிட்ட ஒரு நூல். மனிதருடைய நாட்டம் உள்நோக்கிச் செல்வதும் உண்டு, வெளிநோக்கிச் செல்வதும் உண்டு என்று அவர் வகுத்தார். முற்றிலும் ஒரே பக்கம் சாய்ந்தவர் என்று எவருமிலர் என்பதும் அவர் கருத்தேயாகும். அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸ் என்ற அம்மையாரும், அவருடைய மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் என்பவரும் அந்நூலின் கருத்தைக் கேள்வித்தாளாக மாற்றினர். இருவரும் மனநூலை முறையாகக் கற்றுப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெண்கள் பெருந்தொகையாக வேலைக்கு வந்தபோது, அவரவர்க்கு ஏற்ற வேலை அமைய இது உதவும் என்ற நல்லெண்ணத்துடனேயே மகள் இதில் இறங்கினார். அகம்–புறம் முதலான நான்கு இரட்டைகள். ஒவ்வோர் இரட்டையிலும் ஓரெழுத்து. ஆகப் பதினாறு வகை மனிதர்! அந்தச் சோதனையும் அதைப் பார்த்து எழுந்த இலவசச் சோதனைகளுமே இன்று எங்கும் உலவுகின்றன.

இவற்றை நம்புவோர் யாவரும் கூறும் காரணம் ஒன்றே: "எனக்குப் பொருந்துகிறது, ஆகவே சரி." அண்ணாச்சி கூறியதும் அதுவே. இக்காரணம் எவ்வளவு உறுதியானது என்று பார்க்க எண்ணி, சங்கச் செயலாளருடன் கலந்துகொண்டு ஒரு சிறு காரியம் செய்தோம்.

அடுத்த கூட்டத்தில் விருப்பமுள்ளவர்களுக்கு இருபது கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்து விடை வாங்கினோம். "ஒரு வாரத்தில் உங்கள் ஒவ்வொருவருடைய குணத்தையும் தனித்தனியே எழுதித் தருகிறோம்" என்றோம். பதினான்கு பேர் எழுதினர். மறு வாரம் பெயரெழுதி ஒட்டிய உறைகளைக் கொடுத்து, உள்ளே இருப்பதைப் பிறருக்குக் காட்டாமல் படித்து, பொருத்தத்துக்கு ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பெண் இடுமாறு வேண்டினோம். உறைக்குள் இருந்த வாசகம் இது:

"நீர் பிறருக்குச் செலவிடும்போது கணக்குப் பாராதவர், இரவில் படுத்தபின் கணக்குப் பார்ப்பவர். ஊரை விட்டு வந்துவிட்டீர். ஊர் உம்மை விட்டபாடில்லை. உமக்குக் கோபம் விரைவில் வரும், நெடுநாள் தங்காது. நம்பி ஏமாந்ததுண்டு; பிறரை ஏமாற்ற மனம் வந்ததில்லை. மலையாளத்தில் பேசும்போது ஒருவராகவும், தமிழில் பேசும்போது வேறொருவராகவும் இருப்பதாக உமக்கே சில வேளை தோன்றும். உம் வீட்டார் உம்மை இன்னும் முழுமையாகப் புரிந்துகொள்ளவில்லை."

ஒருவர் மூன்று இட்டார். மற்றவர் யாவரும் நான்கோ ஐந்தோ இட்டனர். கடைசி வாக்கியத்தைப் படித்த அம்மையார் ஒருவர் கணவரைத் திரும்பிப் பார்த்த பார்வை நமக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிறகு ஒருவரை எழுந்து உரக்கப் படிக்கச் சொன்னோம். இரண்டாவது வாக்கியம் முடிவதற்குள் கூடத்தில் சலசலப்பு எழுந்தது. மூன்றாவதில் சிரிப்பு வெடித்தது. பதினான்கு உறைகளிலும் இருந்தது ஒரே தாள்! அவர்கள் எழுதிக் கொடுத்த விடைகளை நாம் பிரித்தும் பார்க்கவில்லை.

இது நம் கற்பனையில் உதித்த தந்திரம் அன்று. 1948-இல் அமெரிக்காவில் பெர்ட்ரம் போரர் என்னும் மனநூல் ஆசிரியர் தம் வகுப்பில் செய்துகாட்டியது. அவர் 39 மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்து, ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் தனித்தனி முடிவு என்று சொல்லி ஒரே வாசகத்தைக் கொடுத்தார். அவ்வாசகத்தில் பெரும்பகுதியைக் கடையில் வாங்கிய சோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்தே எடுத்திருந்தார். மாணவர்கள் இட்ட மதிப்பெண் ஐந்துக்குச் சராசரி 4.26. மறு ஆண்டு அதை அவர் கட்டுரையாக வெளியிட்டார். 1956-இல் பால் மீல் என்ற மற்றோர் அறிஞர் இத்தகைய பொதுவாசக மயக்கத்துக்கு, பார்னம் என்னும் பழைய சர்க்கஸ் முதலாளியின் பெயரை இட்டார். அதன் பிறகு பல நாடுகளில் பலமுறை செய்துபார்த்தும் ஏறக்குறைய இதே விளைவுதான்.

காரணம் அறிவுக்குறைவு அன்று. வாசகத்தைப் படிக்கும்போது அதை நிறைவு செய்பவர் நாமே. 'நம்பி ஏமாந்ததுண்டு' என்று படித்தவுடன், எவரை நம்பி எப்போது ஏமாந்தோம் என்பதை நம் நெஞ்சமே எடுத்துக் கொடுக்கிறது. பொருந்தாத வரியைக் கண் தாண்டிச் சென்றுவிடுகிறது. அதனுடன் சிறிது புகழ்ச்சியும், 'உமக்கென்றே எழுதியது' என்ற உறுதிமொழியும், அச்சிட்ட தாளின் மதிப்பும் சேர்ந்தால் நம்பிக்கை இன்னும் வலுக்கிறது. ஊரில் கிளி சோதிடம் கேட்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கிளியைக் கூண்டில் அடைத்து வைப்பது குற்றம். கிளி பறந்துவிட்டது, அது எடுத்துக் கொடுத்த சீட்டு மட்டும் கைப்பேசிக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறது.

அப்படியானால் சோதனை என்பதே வீண்தானா என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை. நாம் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பதால் நமக்குத் தெரிந்த ஓர் உதாரணத்தைச் சொல்லுகிறோம். 1875-இல் சுவீடன் தேசத்தில் லாகர்லுண்டா என்னும் இடத்துக்கருகில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதி உயிர்ச்சேதம் உண்டாயிற்று. ஊழியர் ஒருவர் விளக்கின் நிறத்தைப் பிரித்தறியாததால் அது நேர்ந்திருக்கலாம் என்று ஹோல்ம்கிரென் என்ற பேராசிரியர் ஐயுற்றார். பல நிறக் கம்பளி நூற்கற்றைகளைக் கொடுத்து, ஒத்த நிறத்தைப் பொறுக்குமாறு ரயில் ஊழியர்களைச் சோதித்தார். வேலையில் இருந்தவர்களிடையிலேயே நிறக்குறை உள்ளவர்கள் வெளிப்பட்டனர். பின்னர் 1917-இல் ஜப்பானிய வைத்தியர் இஷிஹாரா புள்ளிகளுக்கிடையே எண்ணை மறைத்த தாள்களை வெளியிட்டார். ரயில் ஓட்டும் வேலைக்கு வருபவர் இன்றும் நிறப்பார்வைச் சோதனையில் தேறியாக வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டுவது ஒன்று. நிறக்குறை உள்ளவர்க்குத் தம் கண் பழுது என்று தோன்றுவதில்லை. "என் பார்வை சரியாகவே இருக்கிறது" என்று அவர் மனமாரச் சொல்லக்கூடும். அவருக்குத் தோன்றுவதை எவரும் கேட்பதில்லை. எந்த எண் தெரிகிறது என்று மட்டுமே கேட்கிறார்கள். உதவி ரயில் ஓட்டுநர் பதவிக்கு இப்போது கணினியில் நடத்தும் திறனறி சோதனையிலும் அப்படித்தான். நினைவாற்றல், கவனம், விரைவாகக் கண்டறியும் திறன் இவற்றை அவர் செய்து காட்ட வேண்டும். "உமக்குக் கவனம் உண்டா?" என்று கேட்டு, "உண்டு" என்ற விடையை எழுதிக்கொள்வதில்லை. குணவகைச் சோதனையோ நாம் சொன்னதையே வாங்கிக்கொண்டு, அழகிய சொற்களில் நமக்கே திருப்பித் தருகிறது. "சங்கோசப்படுவீரா?" என்றால் "ஆம்" என்கிறோம், "நீர் சங்கோசி" என்கிறது. "ஆகா, எப்படிக் கண்டுபிடித்தது!" என்று வியக்கிறோம்.

இன்னொரு குறையும் உண்டு. ரயிலில் ஐந்து வயது நிரம்பியதிலிருந்து பன்னிரண்டு வயது நிரம்பும் வரை, தனிப் படுக்கை வேண்டாத பிள்ளைக்கு அரைக் கட்டணம். பன்னிரண்டு நிரம்ப ஒரு நாள் குறைந்த பையனும், ஒரு நாள் கூடிய பையனும் சீட்டில் வெவ்வேறு இனம். உண்மையில் இருவரும் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் இருப்பவர்கள். கட்டணத்துக்கு எங்கேனும் ஒரு கோடு போட்டே தீரவேண்டும். குணத்துக்கு என்ன அவசியம்? மனிதரில் பெரும்பாலோர் அகத்துக்கும் புறத்துக்கும் நடுவில்தான் நிற்கின்றனர். நடுவிலே கோடு கிழித்தால், கோட்டுக்கு இப்புறம் ஒரு விரற்கடை நின்றவர் 'அகம்', அப்புறம் ஒரு விரற்கடை நின்றவர் 'புறம்' ஆகிவிடுகின்றனர். சில வாரம் கழித்து மீண்டும் எழுதினால், பலருக்கு நான்கெழுத்தில் ஒன்றேனும் மாறிவிடுவது இதனாலேயே. நமக்கும் அவ்வாறே நேர்ந்தது. இரண்டாம் முறை 'ஐ' போய் 'ஈ' வந்தது. அன்று சம்பளம் வந்த நாள்!

இக்காலத்து மனநூல் ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் வகை பிரிப்பதில்லை. கலகலப்பு, பொறுப்புணர்ச்சி, இணக்கம், மனக்கலக்கம், புதுமை நாட்டம் என்னும் ஐந்து குணங்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் ஒருவரிடம் எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்றுதான் அளக்கின்றனர். மையர்ஸ்–பிரிக்ஸ் சோதனையை வெளியிடுபவர்களே, வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்க அதைப் பயன்படுத்தலாகாது என்று எச்சரித்திருக்கின்றனர். ஆள் தேர்வுக்கே ஆகாதென்றால், பதினைந்து வயதுப் பெண்ணின் வாழ்நாள் வழியைத் தீர்மானிக்க மட்டும் அது எப்படி ஆகும்?

இனி, நம் போன்ற குடும்பங்களுக்கென்றே உரிய விஷயம் ஒன்று. அண்ணாச்சி மகள் எழுதிய சோதனை ஆங்கிலத்தில் இருந்தது. கேள்விகள் பெரும்பாலும் வகுப்பைப் பற்றியும் கூட்டத்தைப் பற்றியும். அவள் வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் சூழ்ந்திருப்பது மலையாளம். பரீட்சை எழுதுவது ஆங்கிலம். ஐந்தாம் வகுப்பில்தான் ஊரிலிருந்து இங்கே வந்து சேர்ந்தாள். முதல் ஆண்டில் அவள் உச்சரிப்பைக் கேட்டு வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள். அன்று மூடிய வாய்தான் அது. "வகுப்பில் கை உயர்த்திப் பேசுவாயா?" என்று கேட்டால் "இல்லை" என்பதே அவளுடைய நேர்மையான விடை. சோதனை அதை 'அகமுகம்' என்று எழுதிக்கொண்டது. மொழிக்கூச்சம் என்று ஒன்று உண்டென்பதோ, அது பிறவிக் குணத்தினின்று வேறென்பதோ அத்தாளுக்குத் தெரியாது.

இதற்கும் ஆராய்ச்சி உண்டு. ஸ்பானிய மொழியும் ஆங்கிலமும் அறிந்தவர்களை அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் ஒரே குணச் சோதனையை இரு மொழியிலும் எழுதச் செய்து, 2006-இல் முடிவை வெளியிட்டனர். ஆங்கிலத்தில் எழுதும்போது அவர்கள் சற்றே அதிகக் கலகலப்பு உடையவர்களாகத் தோன்றினர். வேறுபாடு பெரிதன்று, ஆயினும் மொழி மாறினால் விடையும் சாய்கிறது என்பது தெளிவாயிற்று. குஜராத்தியும் கொங்கணியும் தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் ஒலிக்கும் நம் மட்டாஞ்சேரியில் வாழ்பவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடையில் ஒரு மொழியும், வீட்டில் ஒரு மொழியும் பேசுபவர் இரண்டிடத்திலும் ஒரே மனிதராகவா தோன்றுகிறார்?

அண்ணாச்சி வீட்டுக்குச் சென்றோம். அதே கேள்விகளைத் தாய் தமிழில் படிக்க, பெண் தமிழில் விடை சொல்லட்டும் என்றோம். கேள்விகளில் 'வகுப்பில்' என்று இருந்த இடத்தில் 'நம் சொந்தபந்தத்தில்' என்று மாற்றிக் கேட்டார் தாய். பாதிக் கேள்வி முடிவதற்குள் தம்பி குறுக்கிட்டு, "அம்மா, இவள் ஊருக்குப் போனால் திருவிழாக் கூட்டத்தையே தனியாளாக மேய்ப்பாளே!" என்றான். பெண் சிரித்துவிட்டாள். அகம் புறமாயிற்று. இந்த விடையே சரி, முந்தையது தவறு என்று நாம் சொல்லவரவில்லை. இரண்டும் அவளே. ஆனால் இரண்டில் எதுவும் அவள் எதிர்காலத்தின் மேல் இடும் முத்திரை ஆகாது.

"அப்படியானால் எதை வைத்துத்தான் முடிவு செய்வது, தம்பி?" என்று கேட்டார் அண்ணாச்சி. நியாயமான கேள்வி. திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே உண்டு. மனிதரை அளக்கும் உரைகல்லாக வள்ளுவர் அங்கே வைப்பது செய்கையைத்தான். ஆகையால், விண்ணப்பத்துக்கு இன்னும் நாளிருந்தபடியால், சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பைச் சில வாரங்கள் அப்பெண்ணிடம் ஒப்படைக்கலாம் என்று செயலாளர் கூறினார்.

முதல் ஞாயிறு அவள் குரல் பின் வரிசைக்கு எட்டவில்லை. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். வீட்டுக்குப் போய் அழுதாள் என்று கேள்விப்பட்டோம். இரண்டாம் ஞாயிறு வரமாட்டாள் என்றே எண்ணினோம், வந்தாள். பலகையில் எழுதுவதை விட்டுவிட்டுப் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துத் தானும் நடுவில் உட்கார்ந்தாள். குரல் எட்டாத குறை தீர்ந்தது. மலையாளத்திலும் தமிழிலும் ஒன்றாக ஒலித்துப் பொருள் மாறும் சொற்களைத் தேடிக்கொண்டு வருமாறு சொல்லி அனுப்பினாள். மூன்றாம் ஞாயிறு பிள்ளைகள் அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். சிரிக்கப்பட்ட உச்சரிப்பையே பாடமாக மாற்றிவிட்டாள் அப்பெண்!

இவள் சிறந்த ஆசிரியை ஆவாளா என்பதை நாம் அறியோம். மூன்று ஞாயிறு அதைச் சொல்லப் போதாது. ஆனால் "இவளால் ஆகாது" என்று சொன்ன தாளைவிட, இந்த மூன்று ஞாயிறுகள் அதிகம் சொல்லின. விண்ணப்பத்தில் அவள் விரும்பிய பிரிவே முதலாவதாக எழுதப்பட்டது. வழுவழுப்பான அறிக்கையை அண்ணாச்சி எறிந்துவிடவில்லை. "காசு கொடுத்து வாங்கியதாயிற்றே!" என்று பெட்டியில் வைத்திருக்கிறார்.

குணச் சோதனைகளை எழுதவே கூடாது என்பது நம் வாதம் அன்று. வீட்டில் அமர்ந்து நால்வரும் எழுதி ஒப்பிட்டுப் பார்த்தால் நல்ல பேச்சுக்கு வழி பிறக்கும். "கூட்டத்தில் எனக்குப் பயம்" என்று நேரில் சொல்லாத பிள்ளை, கேள்வித்தாளைச் சாக்கிட்டுச் சொல்லிவிடும். அந்த அளவில் நன்மையே. ஆனால் முடிவு கையில் வந்ததும் அன்பர்கள் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறோம். இந்த வாசகத்தை அடுத்த வீட்டுக்காரரிடம் கொடுத்தால் அவரும் தமக்குப் பொருத்தம் என்பாரா? ஒரு மாதம் கழித்து எழுதினாலும் இதுவே வருமா? எந்த மொழியில், எந்த இடத்தை நினைத்து விடை எழுதினோம்? சொல்லியதைத்தான் திருப்பிச் சொல்லுகிறதா, செய்ததைப் பார்த்துச் சொல்லுகிறதா? இவற்றுக்கு விடை கிடைக்கும் வரையில் பிள்ளைகளின் விண்ணப்பத்தாளில் கை வைக்க வேண்டாம்.

ஞாயிறு தமிழ் வகுப்பு இப்போது மாலை நான்கு மணிக்கு நடைபெறுகிறது. பிள்ளைகளை அனுப்புவதோடு நில்லாமல், கற்பிக்க விரும்பும் மாணவ மாணவியரும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். கூச்சமுள்ளவர்களுக்கு முதலிடம் தரப்படும்.